நெதர்லாந்தில் சமயப் பிளவும் கட்சி அரசியலும்: 1878 முதல் 2025 வரை

ஒரு நாட்டில் எத்தனை கட்சிகள் உள்ளன, அவை எவற்றை முன்னிட்டுப் போட்டியிடுகின்றன என்பவை தலைவர்களின் திறமையால் மட்டும் தீர்மானிக்கப்படுபவை அல்ல. சமுதாயத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் பிளவுகளே பெரும்பாலும் கட்சிகளாக உருவெடுக்கின்றன. இதனை முறைப்பட எடுத்துரைத்தவர்கள் அமெரிக்கச் சமுதாயவியலாளரான சீமோர் மார்ட்டின் லிப்செட், நார்வே நாட்டு அறிஞரான ஸ்டெய்ன் ரொக்கான் ஆகிய இருவர். 1967-இல் தாங்கள் தொகுத்து வெளியிட்ட நூலின் முன்னுரையில் அவர்கள் மேற்கு ஐரோப்பியக் கட்சிகளை நான்கு பிளவுகளின் விளைவாக விளக்கினர். ஆட்சியின் மையத்திற்கும் எல்லைப்புற மக்களுக்கும் இடையே உள்ளது முதலாவது. அரசுக்கும் திருச்சபைக்கும் இடையே உள்ளது இரண்டாவது. இவை தேசிய அரசுகள் உருவானபோது தோன்றியவை. நிலத்தை நம்பியோருக்கும் தொழில் நடத்துவோருக்கும் இடையே உள்ளது மூன்றாவது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ளது நான்காவது. இவை கைத்தொழிற் புரட்சியின் விளைவுகள். 1920-களில் இப்பிளவுகளின் வழியே அமைந்த கட்சிகள், ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, 1960-களிலும் அவ்வாறே உறைந்து நின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில், அவ்வாறு உறைந்து நின்றதொரு நாட்டில் பனி உருகத் தொடங்கிற்று. அந்நாடு, நம் முன்னோர் ஒல்லாந்து என அழைத்த நெதர்லாந்து. யாழ்ப்பாணத்தில் பால்தேயுஸ் ஐயர் ஊழியம் செய்த சீர்திருத்தச் சபையின் தாயகம் என்ற அளவில் அது நமக்கு அறிமுகமானதே. திருச்சபைப் பிளவு அரசியற் பிளவாக மாறிய விதத்தையும், பின்னர் அது கரைந்து வேறொரு பிளவு அவ்விடத்தில் வந்தமைந்த விதத்தையும் அந்நாட்டின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். ஆகவே ஐரோப்பாவின் இன்றைய அரசியல் மாற்றத்தை விளங்கிக்கொள்ள நெதர்லாந்தையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளுகிறோம்.

1. பள்ளிக்கூடப் போராட்டம்

நெதர்லாந்தில் சமயம் அரசியலாக மாறிய இடம் ஆலயம் அன்று, பள்ளிக்கூடமே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அந்நாட்டின் பொதுப் பள்ளிகளில் எச்சபையாரையும் புண்படுத்தாத பொதுவான கிறிஸ்தவ நற்பண்புகள் போதிக்கப்பட்டனவேயன்றி, எச்சபையின் விசுவாசக் கோட்பாடும் கற்பிக்கப்படவில்லை. படித்த தாராளக் கொள்கையினருக்கு இது நடுநிலையாகத் தோன்றியது. சீர்திருத்தச் சபையின் பழைய விசுவாச அறிக்கைகளை உறுதியாகப் பற்றியிருந்த எளிய மக்களுக்கோ இது தங்கள் பிள்ளைகளைத் தங்களிடமிருந்து பிரிப்பதாகத் தோன்றியது. இம்மக்களுள் ஒரு பகுதியினர் 1834-இல் ஹென்ட்ரிக் டி கோக் என்னும் போதகரைப் பின்பற்றித் தேசியச் சபையை விட்டுப் பிரிந்தவர்கள்.

1848-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கல்விச் சுதந்திரத்தை வழங்கியது. ஆனால் சுதந்திரம் இருந்ததேயன்றிப் பணம் இல்லை. சமயப் பள்ளி நடத்த விரும்புவோர், பொதுப் பள்ளிக்காக வரியும் செலுத்தித் தங்கள் பள்ளியின் செலவையும் தாங்களே ஏற்கவேண்டும். 1878-இல் தாராளக் கட்சியினரான கப்பெய்ன என்பவரின் அமைச்சரவை புதியதொரு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக் கட்டடங்களும் ஆசிரியர் நிலையும் உயரவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதற்கான உதவித்தொகை பொதுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதாயிற்று. ஏழைப் பெற்றோர் தம் சிறு வருவாயில் நடத்திவந்த பள்ளிகள் மூடப்படும் நிலை ஏற்பட்டது.

அப்போது நிகழ்ந்தது அந்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. சட்டத்தில் கையொப்பமிட வேண்டாம் என்று மன்னர் மூன்றாம் வில்லியத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பப்பட்டது. புரோட்டஸ்டன்டு மக்களுள் 3,00,000-க்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். கத்தோலிக்கர் தனியே 1,60,000-க்கும் மேற்பட்ட ஒப்பங்களைத் திரட்டினர். அக்காலத்தில் அந்நாட்டில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 1,20,000 பேரே என்பதை நாம் மனத்திற்கொள்ளவேண்டும். வாக்களிக்க உரிமையற்ற மக்கள், வாக்களிப்போரைப் போல மும்மடங்குக்கு மேல் எழுந்து நின்றனர். மன்னர் ஆகஸ்டு மாதத்தில் சட்டத்தில் கையொப்பமிட்டுவிட்டார். விண்ணப்பம் தோற்றது. ஆனால் அதற்காக ஊர்தோறும் அமைக்கப்பட்ட குழுக்கள் கலையவில்லை. அவற்றின்மீதே 1879-இல் புரட்சி எதிர்ப்புக் கட்சி எழுந்தது. நாடு முழுவதும் கிளைகளும் கொள்கை அறிக்கையும் கொண்ட முதல் நெதர்லாந்துக் கட்சி அதுவே. பிரெஞ்சுப் புரட்சி மனிதனின் அறிவையே அதிகாரத்தின் ஊற்றாக்கியது. அதனை ஏற்கமாட்டோம் என்பதே அப்பெயரின் பொருள்.

2. கைப்பரும் எளிய மக்களும்

இக்கட்சியை நிறுவியவர் ஆபிரகாம் கைப்பர். 1837-இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து, லெய்டன் பல்கலைக்கழகத்தில் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அங்கு நிலவிய நவீன இறையியலின் செல்வாக்கில் வளர்ந்தவர். 1863-இல் பேஸ்ட் என்னும் சிற்றூருக்குப் போதகராகச் சென்றார். அவ்வூரில் பீட்ரொனெல்லா பால்ட்டஸ் என்ற பெண், புதிய போதகரின் உபதேசம் விசுவாசத்துக்கு ஒவ்வாதது எனக் கருதி, அவருக்குக் கைகொடுக்கவும் மனமற்றிருந்தார் என்று கூறப்படுகிறது. கைப்பர் அவரையும் அவரையொத்த ஊராரையும் வாதத்தில் வெல்ல முயலாமல், அவர்கள் கூறியவற்றைக் கேட்டார். பட்டம் பெறாத அம்மக்களிடம் ஒழுங்கான இறையியல் அறிவைக் கண்டு வியந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அவருடைய மனமாற்றத்திற்கு மட்டுமன்றி அவருடைய அரசியலுக்கும் இதுவே தொடக்கம் எனலாம். சிறு கடைக்காரர், கைவினைஞர், சிறு விவசாயிகள் ஆகியோரை அவர் ‘எளிய மக்கள்’ என்றழைத்து, அவர்களுக்காகவே 1872-இல் ஒரு நாளிதழைத் தொடங்கினார். 1880-இல் ஆம்ஸ்டர்டாமில் அரசையும் தேசியச் சபையையும் சாராத சுயாதீனப் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். குடும்பம், திருச்சபை, கல்வி, தொழில் ஆகிய ஒவ்வொன்றும் கடவுளிடமிருந்து நேரே அதிகாரம் பெற்றது. அரசு அவற்றை விழுங்கிவிடலாகாது என்பது அவர் கோட்பாடு. 1886-இல் அவர் தலைமையில் தேசியச் சபையில் இன்னொரு பிரிவினை நிகழ்ந்தது.

திருச்சபையைப் பிரித்த அதே கைப்பர், அரசியலில் எதிர்பாராததொரு நட்பை ஏற்படுத்தினார். ஸ்பெயின் மன்னருக்கு எதிராக எண்பதாண்டுகள் போரிட்ட கால்வினியரின் வழிவந்தவர்கள், ரோமன் கத்தோலிக்கருடன் கைகோத்தனர். கத்தோலிக்கர் தரப்பில் இதற்கு வழிகோலியவர், 1880-இல் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்காப்மன் என்னும் குரு. 1887-இல் வாக்குரிமை விரிவாக்கப்பட்டதும், அடுத்த ஆண்டுத் தேர்தலில் இக்கூட்டணி பெரும்பான்மை பெற்றது. 1889-இல் சமயப் பள்ளிகளுக்கு முதன்முதலாக அரசு உதவி கிடைத்தது. 1901 முதல் 1905 வரை கைப்பரே பிரதமராக இருந்தார்.

எனினும் எளிய மக்களின் தலைவர், எல்லா எளியவர்களுக்கும் தலைவராக இருந்தார் என்று கூற இயலாது. 1891-இல் கிறிஸ்தவ சமூக மாநாட்டில் தொழிலாளரின் துயரை எடுத்துரைத்தவர், 1903-இல் இரயில்வே வேலைநிறுத்தம் வந்தபோது அரசு ஊழியரும் இரயில்வே ஊழியரும் வேலைநிறுத்தம் செய்வதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றினார். வாக்குரிமையை விரிவாக்குவது பற்றி 1894-இல் கட்சியின் உயர்குடியினர் அவரைவிட்டுப் பிரிந்தனர். சமதர்மத் தொழிலாளர் அதே ஆண்டில் தனிக்கட்சி அமைத்தனர். சமயப் பிளவும் வர்க்கப் பிளவும் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன.

3. 1917-ஆம் ஆண்டு உடன்படிக்கை

முதல் உலகப்போரில் நெதர்லாந்து நடுநிலை வகித்தது. எல்லைக்கு வெளியே போர் நடந்துகொண்டிருக்க, 1917-இல் கட்சிகள் நெடுநாளைய வழக்கைத் தீர்த்துக்கொண்டன. பொதுப் பள்ளிக்கும் சமயப் பள்ளிக்கும் அரசு சம அளவில் பணம் வழங்கும் என்பது சமயக் கட்சிகளுக்குக் கிடைத்தது. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை என்பது சமதர்மரும் முற்போக்குத் தாராளரும் பெற்றது. பெண்களுக்கு அது 1919-இல் வந்தது. இவற்றோடு விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் புகுத்தப்பட்டது. 1918 தேர்தலில் கத்தோலிக்கர் 100 இடங்களில் 30-ஐப் பெற்றனர். அந்நாட்டின் முதல் கத்தோலிக்கப் பிரதமர் பதவியேற்றார்.

இவ்வுடன்படிக்கை பிளவுகளை ஒழிக்கவில்லை. அவற்றுக்கு நிலையான இடமளித்தது. கால்வினியர், கத்தோலிக்கர், சமதர்மர் ஆகிய ஒவ்வொரு பிரிவினரும் தமக்கெனப் பள்ளி, நாளிதழ், தொழிற்சங்கம், மருத்துவமனை, விளையாட்டுச் சங்கம், கட்சி ஆகியவற்றை அமைத்துக்கொண்டனர். 1920-களில் வானொலி வந்தபோது அலைநேரமும் இவ்வாறே பங்கிடப்பட்டது. தாராளக் கொள்கையினர் இவ்வளவு இறுக்கமின்றி நான்காவது பிரிவாயினர். நெதர்லாந்தினர் இப்பிரிவுகளைத் ‘தூண்கள்’ என்று அழைத்தனர். தூண்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் யாவும் சேர்ந்து ஒரே கூரையைத் தாங்குகின்றன. கீழே மக்கள் பிரிந்து வாழ்ந்தனர். மேலே தலைவர்கள் கூடிப் பேசி நாட்டை ஆண்டனர். இவ்வளவு பிளவுபட்ட நாட்டில் குடியாட்சி எங்ஙனம் நிலைத்தது என்பதை அரெண்ட் லைப்ஹார்ட் 1968-இல் வெளியிட்ட நூலில் இவ்வகையில் விளக்கினார்.

இத்தூணமைப்பைப் பற்றி இரண்டு செய்திகளை நாம் சேர்த்தே கூறவேண்டும். ஒன்று, அது சுவராக இருந்தது. ஒரே தெருவில் வாழ்ந்த கத்தோலிக்கக் குழந்தையும் கால்வினியக் குழந்தையும் வெவ்வேறு பள்ளிக்குச் சென்றனர். சபை கடந்த திருமணம் குடும்பத்திற்கு அவமானமாகக் கருதப்பட்டது. 1954-இல் கத்தோலிக்க ஆயர்கள், சமதர்மத் தொழிற்சங்கத்தில் சேருவோருக்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்படும் என்று சுற்றுமடல் விடுத்தனர். மற்றொன்று, அது ஏணியாகவும் இருந்தது. ஒரே தூணுக்குள் பேராசிரியரும் கொத்தனாரும், நிலவுடைமையாளரும் கூலியாளும் ஒரே சபையில் பாடி, ஒரே நாளிதழைப் படித்து, ஒரே கட்சிக்கு வாக்களித்தனர். கீழ்நிலையிலிருந்து வந்த ஆற்றலுள்ளோர் தொழிற்சங்கம் வழியாகவும் கட்சிக் கிளை வழியாகவும் மேலே வந்தனர். 1894-இல் சமதர்மக் கட்சியைத் தொடங்கிய பன்னிருவருள் ஒருவரான யான் ஸ்காப்பர், வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. நெடுங்காலம் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கினார். தூண்கள் சமயத்தால் மக்களைப் பிரித்தன. ஆனால் கல்வியாலும் செல்வத்தாலும் வேறுபட்டவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தன.

4. தூண்கள் சரிந்தமை

1963-ஆம் ஆண்டுத் தேர்தலில் கத்தோலிக்கக் கட்சி 50 இடங்களையும், இரு பெரும் புரோட்டஸ்டன்டுக் கட்சிகள் 13 இடங்கள் வீதமும் பெற்றன. 150 இடங்களில் இம்மூன்றுக்கும் 76; அதாவது தனிப்பெரும்பான்மை. 1967-இல் இது 69 ஆயிற்று. 1972-இல் 48 ஆயிற்று. கத்தோலிக்கக் கட்சி மட்டும் ஒன்பதே ஆண்டுகளில் 50-இலிருந்து 27-க்கு இறங்கியது. 1966-இல் தோன்றிய ‘டி 66’ என்னும் கட்சி, தூணமைப்பையே தகர்க்கவேண்டும் என்று கூறி 1967-இல் 7 இடங்களைப் பெற்றது.

இதற்குப் பகைவர் எவரும் காரணர் அல்லர். தூண்களின் வெற்றியே அவற்றின் வேரை அரித்தது. சமயக் கட்சிகள் சேர்ந்து கட்டியெழுப்பிய நல்வாழ்வு அரசு, முன்பு டீக்கன்மாரும் சபைச் சங்கங்களும் அளித்துவந்த உதவியைச் சட்டப்படியான உரிமையாக்கிற்று. 1965-இல் நடைமுறைக்கு வந்த உதவிச் சட்டத்திற்குப் பின், ஏழைக் குடும்பம் பிழைப்பதற்குத் தன் சபையை நாடவேண்டிய அவசியம் குறைந்தது. சமயப் பள்ளிகள் பயிற்றுவித்த பிள்ளைகள் உயர்கல்வி பெற்றுத் தம் தலைவர்களிடமே வினா எழுப்பினர். தொலைக்காட்சி அயல் தூணின் நிகழ்ச்சியை ஒவ்வொரு வீட்டின் கூடத்திற்கும் கொண்டுவந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காற்று வீசியபோது, 1954-ஆம் ஆண்டின் தடையை ஆயர்களே 1965-இல் நீக்கிக்கொண்டனர். சுவரை எழுப்பியவர்களே அது தேவையில்லை என்று கூறிய பின்னர், அதன் நிழலில் நிற்போர் யார்?

மூன்று சமயக் கட்சிகளும் 1980-இல் இணைந்து ‘கிறிஸ்தவ மக்களாட்சி ஒன்றியம்’ என்னும் ஒரே கட்சியாயின. 1980-களில் இக்கட்சி மீண்டும் வலுப்பெற்று 54 இடங்களைப் பிடித்தது. ஆனால் 1994-இல் 34-க்குச் சரிந்தது. அவ்வாண்டு தொழிற்கட்சியும் தாராளக் கட்சியும் டி 66-உடன் கூடி ஆட்சியமைத்தன. 1918-க்குப் பின் சமயக் கட்சி எதுவும் இடம்பெறாத முதல் அமைச்சரவை அது. தொழிலாளியின் கட்சியும் முதலாளியின் கட்சியும் ஒரே மேசையில் அமர்ந்தன. சமயப் பிளவு மட்டுமன்றி, லிப்செட்டும் ரொக்கானும் கூறிய நான்காவது பிளவும் கூர்மழுங்கிவிட்டது என்பதை இது காட்டியது.

பிளவுகள் நீங்கிவிட்டன, இனி நிருவாகமே மிச்சம் என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணம் பிழையானது என்பது எட்டாண்டுகளில் தெரியவந்தது.

5. புதிய பிளவு

2002-இல் பிம் ஃபோர்ட்டைன் என்னும் முன்னாள் பேராசிரியர், குடியேற்றத்தையும் இஸ்லாமையும் ஆளும் கட்சிகளின் போக்கையும் கண்டித்துத் தேர்தலில் இறங்கினார். மே 6-ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒன்பது நாட்களுக்குப் பின் நடந்த தேர்தலில், தலைவரை இழந்த அவருடைய பட்டியல் 26 இடங்களைப் பெற்றது. 2005 ஜூன் 1-ஆம் நாள், ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கை மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. பெருங்கட்சிகள் யாவும் அதனை ஆதரித்தன, மக்களோ 61.5 விழுக்காட்டினர் மறுத்தனர். அதற்கு மூன்று நாட்களுக்கு முன் பிரெஞ்சு மக்களும் மறுத்திருந்தனர். பாராளுமன்றத்திற்கும் மக்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி எங்ஙனம் ஏற்பட்டது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் கல்வியைச் சுட்டினர். மார்க் போவன்ஸ், அன்க்ரித் வில்லே ஆகிய நெதர்லாந்து அறிஞர்கள் 2017-இல் வெளியிட்ட நூலில், மேற்கு ஐரோப்பாவின் குடியாட்சிகள் பட்டதாரிகளின் ஆட்சியாக மாறிவிட்டன என்று வாதித்தனர். பட்டம் பெறாதோர் வாக்காளருள் மிகப் பெரிய தொகையினர். பாராளுமன்றத்தில் அவர்களைக் காண்பதே அரிது. குடியேற்றம், ஐரோப்பிய ஒன்றியம், குற்றத்திற்குரிய தண்டனை ஆகியவற்றில் இரு சாராரின் கருத்துகளும் வெகுவாக வேறுபடுகின்றன. லீஸ்பெத் ஹூகே, கேரி மார்க்ஸ் ஆகியோர் 2018-இல், நாட்டெல்லை கடந்த வாணிகமும் குடிபெயர்வும் ஐரோப்பிய இணைப்பும் சேர்ந்து ஒரு புதிய பிளவையே தோற்றுவித்துவிட்டன என்றனர். அதே ஆண்டில் பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி, பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தேர்தல்களை ஆராய்ந்து, இரண்டாம் உலகப்போருக்குப் பின் கல்வி குறைந்தோரின் கட்சிகளாயிருந்த இடதுசாரிக் கட்சிகள் மெல்லமெல்ல உயர்கல்வி பெற்றோரின் கட்சிகளாகிவிட்டன என்று காட்டினார். இதற்கு அவர் வைத்த பெயர் ‘பிராமண இடதுசாரி’ என்பது; செல்வரின் கட்சிகளை ‘வணிக வலதுசாரி’ என்றார். நம் நாட்டின் வருணப் பெயரைப் படித்தவர் என்னும் பொருளில் அவர் உவமையாகவே கையாளுகிறார். எனினும் கல்வி பிறப்புரிமையைப் போல் ஒரு குலத்தாரின் உடைமையாகிவிடும் ஆபத்தை அச்சொல் நமக்கு நன்கு உணர்த்துகிறது.

நெதர்லாந்தின் தெற்கே உள்ள லிம்பர்க் மாகாணம் இம்மாற்றத்திற்கு நல்ல சான்று. ஒரு காலத்தில் அது கத்தோலிக்கக் கட்சியின் அசையாத கோட்டை. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் முடிவு 1965-இல் அறிவிக்கப்பட்டது. 1974-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கத்தோடு தொழிற்சங்கம் தளர்ந்தது. அதே காலத்தில் ஆலயமும் காலியாயிற்று. அம்மாகாணத்தைச் சேர்ந்த கீர்ட் வில்டர்ஸ் 2006-இல் ‘சுதந்திரக் கட்சி’யைத் தொடங்கினார். 2010 தேர்தலில் லிம்பர்க்கில் முதலிடம் பெற்றது அக்கட்சியே. 2023 நவம்பரில் அது நாடு முழுவதிலும் 37 இடங்களைப் பெற்று முதற்கட்சியாயிற்று. தூண்கள் யாவும் சேர்ந்து இழந்ததையும் அதே காலத்தில் காணலாம். தொழிற்கட்சி 2017-இல் 38-இலிருந்து 9-க்கு வீழ்ந்தது. கிறிஸ்தவ மக்களாட்சி ஒன்றியம் 2023-இல் 5 இடங்களே பெற்றது.

நிலத்திற்கும் நகரத்திற்கும் இடையே இருந்த பழைய பிளவும் புது உருவில் திரும்பியது. நைட்ரஜன் மாசைப் பற்றி 2019-இல் அரசின் ஆலோசனை மன்றம் அளித்த தீர்ப்பினால் கால்நடைப் பண்ணைகளைக் குறைக்கவேண்டிய நிலை வந்தபோது, விவசாயிகள் டிராக்டர்களுடன் சாலைகளில் இறங்கினர். அவ்வாண்டில் தோன்றிய விவசாயி - குடிமக்கள் இயக்கம் 2023-இல் மேலவையின் 75 இடங்களில் 16-ஐப் பெற்றது.

இம்மாற்றம் ஒரே திசையில் செல்வது என்றும் கூற இயலாது. வில்டர்ஸ் கட்சி இடம்பெற்ற கூட்டரசு, அக்கட்சி விலகியதால் 2025 ஜூனில் கவிழ்ந்தது. அக்டோபர் 29-ஆம் நாள் நடந்த தேர்தலில் டி 66, சுதந்திரக் கட்சி ஆகிய இரண்டும் 26 இடங்கள் வீதம் பெற்றன; வாக்கு எண்ணிக்கையில் டி 66 சற்று முந்தியது. கிறிஸ்தவ மக்களாட்சி ஒன்றியமும் 18 இடங்களுக்கு மீண்டது. ஆயினும் முதலிடத்திற்குப் போட்டியிட்ட இரு கட்சிகளையும் நோக்குக. ஒன்று பெரும்பாலும் பல்கலைக்கழக நகரங்களின் படித்தோர் கட்சி. மற்றது தாங்கள் கேட்கப்படவில்லை என்று கருதும் மக்களின் வாக்குகளில் நிற்பது. 1963-இல் இவ்விரண்டில் ஒன்றுகூட இல்லை.

6. வரலாறு காட்டுவது

1878-ஐயும் 2023-ஐயும் ஒப்பிடும்போது ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் புலப்படுகின்றன. இரு காலத்திலும், கற்றோரின் ஆட்சி நடுநிலை என்று கருதியதை எளியவர்கள் தங்கள்மீது வைக்கப்பட்ட நுகமாகக் கண்டனர். வேற்றுமை, அவர்கள் திரண்ட விதத்தில் உள்ளது. கைப்பரின் எளிய மக்கள் காசு சேர்த்துப் பள்ளி கட்டினர், குழு அமைத்தனர், கிளைக் கூட்டங்களில் பேசக் கற்றனர். பத்தாண்டுகளில் ஆட்சியில் பங்கு பெற்றனர். சுதந்திரக் கட்சியில் சட்டப்படி வில்டர்ஸ் ஒருவரே உறுப்பினர். அதற்கு வாக்களிக்கலாம், அதில் சேர முடியாது. எளியவரின் சினத்திற்கு இன்று குரல் உண்டு. அவர்களைப் பயிற்றுவிக்கும் கூடம் இல்லை. முன்பு அக்கூடமாக இருந்தவை சபைகளும் தொழிற்சங்கங்களுமே.

தூணமைப்பின் வேறொரு பயனையும் நாம் மறத்தலாகாது. 1917-இல் கால்வினியரும் கத்தோலிக்கரும் தமக்கெனப் பெற்ற கல்வியுரிமை, எழுத்தளவில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் தொழிலாளராக வந்தோரின் பிள்ளைகளுக்காக, 1988-இல் அதே உரிமையின்படி முதல் இஸ்லாமியப் பள்ளிகள் அரசுச் செலவில் தொடங்கப்பட்டன. தனக்கென ஒருவன் நீதி கேட்கும்போது அயலானுக்கும் சேர்த்தே கேட்கிறான் என்பதற்கு இது வரலாற்றுச் சான்று. அதனால்தான், இஸ்லாமியப் பள்ளிகளுக்கு மட்டும் அவ்வுரிமையை மறுக்கவேண்டும் என்னும் குரல் எழும்போது, பழைய சமயக் கட்சிகளின் வழிவந்தோர் தங்கள் வரலாற்றையே மறுக்காமல் அதற்கு இணங்க இயலாது.

திருச்சபையின் நிலை என்ன? 1834-இலும் 1886-இலும் பிரிந்தவர்களின் வழிவந்த சபை, தேசியச் சபையுடனும் லுத்தரன் சபையுடனும் 2004-இல் இணைந்தது. நூறாண்டுக்கு மேலான பிளவு நீங்கியது; நாம் நன்றி செலுத்தவேண்டிய செய்தி. ஆனால் அவ்விணைப்பின்போது பிளவு வேறிடத்திற்குச் சென்றுவிட்டிருந்தது. 2017-இல் அந்நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தாங்கள் எச்சமயத்தையும் சாராதவர் என்றனர். சபைகள் தங்களுக்குள் ஒப்புரவானபோது, கற்றவரும் கல்லாதவரும் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் அச்சமுதாயத்தில் மறைந்துகொண்டிருந்தது. இன்று அவர்கள் வெவ்வேறு பள்ளியில் பயின்று, வெவ்வேறு பகுதியில் குடியிருந்து, தம்மையொத்த கல்வியுடையோரையே மணக்கின்றனர்.

தூண்களை மீண்டும் நாட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. திருவருட்சாதனத்தை மறுப்பதாக அச்சுறுத்தி வாக்கைக் காத்த காலம் திரும்பவேண்டியதன்று. ஆனால் அரசியலறிஞர் எவரும் சட்டத்தால் உண்டாக்க இயலாத ஒன்று அங்கே இருந்தது. பட்டதாரியும் கூலியாளும் வாரந்தோறும் ஒரே இருக்கையில் அமர்ந்தனர். பேஸ்ட் ஊரின் போதகர் தம் சபையிலிருந்த படிக்காத பெண்ணிடம் கற்றுக்கொண்டது அத்தகையதோர் இடத்தில்தான். குருத்துவப் பயிற்சி பெறும் நாமும் பட்டதாரிகளே. எந்த நாட்டிலாயினும் நம் சபையின் ஆட்சிக்குழுவிலும் நம் பிரசங்கத்தின் மொழியிலும் யாருடைய குரல் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, வரவிருக்கும் பிளவில் திருச்சபை சுவராக நிற்குமா ஏணியாக நிற்குமா என்பது அமையும். ஐரோப்பாவின் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது, எந்தக் கட்சி வென்றது என்பதோடு நில்லாமல், தோற்றவர்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்பதையும் கேட்கப் பழகுவோமாக.